ஈனியைக் குறை சொல்லும் முன்: வாசகர் கேள்விகளுக்குப் பதில்கள்

எத்திலீன் ஒலிகோமராக்கத்துக்கு (சில எத்திலீன் மூலக்கூறுகளைக் குறுஞ்சங்கிலியாக இணைக்கும் வினைக்கு) எது சிறந்த ஈனி (வினையூக்கியின் உலோக அணுவோடு பிணைந்து அதன் போக்கை மாற்றும் மூலக்கூறு)?

எதைத் தயாரிக்க? 1-ஹெக்சீனா (6 கார்பன்), 1-ஆக்டீனா (8 கார்பன்), C4 முதல் C20 வரையிலான (4 முதல் 20 கார்பன்) கலவையா? அதைச் சொல்லாமல் பதில் கேட்காதீர்கள்.

நிக்கல் ஆல்ஃபா-டைஇமைனில் (இரு நைட்ரஜன்களால் நிக்கலைப் பிடிக்கும் ஈனி) ஐசோபுரொப்பைல் தொகுதிகளை எடுத்ததும் பாலிமர் நின்று ஒலிகோமர் வருகிறதே?

ஆர்த்தோ இடத்திலுள்ள (பென்சீன் வளையத்தில் பிணைப்பிடத்துக்கு அடுத்த இடம்) பருத்த தொகுதிகள் நிக்கலைச் சுற்றிய சதுரத்தளத்தின் மேலும் கீழும் வழியை மறிக்கின்றன. வழி திறந்தால் சங்கிலி சீக்கிரமே கழன்றுவிடும். 1995இல் புரூக்ஹார்ட் குழுவின் ஈனிகள் நீண்ட பாலிமரைத் தந்ததற்கு அந்த மறிப்பே காரணம்.

பி.என்.பி.-குரோமியத்தில் (பாஸ்பரஸ்-நைட்ரஜன்-பாஸ்பரஸ் ஈனி) எனக்கு ஆக்டீன் 70% வருகிறது, ஆனால் கலக்கி சிக்கிக்கொள்கிறது. ஈனி மோசமா?

வெப்பநிலை, அழுத்தம், எம்.ஏ.ஓ. (வினையூக்கியைத் தூண்டும் மெத்தில் அலுமினாக்சேன்) விகிதம், பாலிமரின் எடை எதுவும் கடிதத்தில் இல்லை. அந்த 70% ஜி.சி. (கலவையைப் பிரித்து அளக்கும் கேஸ் குரோமட்டோகிராஃபி) தந்த எண், ஜி.சி. திரவத்தைத்தான் பார்க்கும், கலக்கியின் இறக்கையில் சுற்றிய வெள்ளை நாரைப் பார்க்காது. அதைச் சுரண்டி எடுத்து, அமிலம் கலந்த மெத்தனாலில் கழுவி, இரவு முழுக்க உலர்த்தி எடைபோடுங்கள். பிறகு மொத்த விளைபொருளில் சதவீதம் கணக்கிடுங்கள். தொடர் ஆலையில் ஓரிரு சதவீதப் பாலிமரே குழாயை அடைத்துவிடும். ஆய்வுக் கட்டுரைகளிலும் இந்த எடையை அட்டவணையின் அடிக்குறிப்பில் ஒளித்துவைக்கிறார்கள். அது எனக்குப் பெரும் ஆதங்கம். வினை வெப்பம் உமிழ்வது என்பதையும் மறக்காதீர்கள். 45 டிகிரி என்று எழுதிவிட்டு உள்ளே 80 டிகிரியில் ஓட்டினால் எத்திலீனின் கரைதிறன் குறையும், ஆக்டீன் விழும், ஹெக்சீன் ஏறும். பழி மட்டும் ஈனிக்கு!

இரும்பு பிஸ்-இமினோபிரிடினில் (மூன்று நைட்ரஜன்களால் இரும்பைப் பிடிக்கும் ஈனி) நேர்ச்சங்கிலி ஆல்ஃபா-ஒலிஃபின் (முனையில் இரட்டைப் பிணைப்புள்ள சேர்மம்) பெறுவது எப்படி?

ஒவ்வொரு அரைல் (பென்சீன் வகை) வளையத்திலும் ஓர் ஆர்த்தோ இடத்தில் மட்டும் மெத்தில் வையுங்கள். இரண்டு ஆர்த்தோ இடங்களிலும் ஐசோபுரொப்பைல் வைத்தால் பாலிமர்தான்.

பி.என்.பி.யில் ஆர்த்தோ மீத்தாக்ஸி இருந்தால் ஹெக்சீன், இல்லாவிட்டால் ஆக்டீன். ஆக்சிஜன் குரோமியத்துடன் பிணைவதாலா?

பாதி சரி. ஏழு உறுப்பு குரோமிய வளையம் உடைந்தால் ஹெக்சீன்; இன்னோர் எத்திலீன் நுழைந்து ஒன்பது உறுப்பானால் ஆக்டீன். மீத்தாக்ஸி அந்த நுழைவைத் தடுக்கிறது. ஆனால் கொடை அணுவே (எலக்ட்ரான் இணை தந்து பிணையும் அணு) இல்லாத ஆர்த்தோ அல்கைல் தொகுதிகளும் ஹெக்சீனைத் தருகின்றன. ஆகவே இடநெருக்கடிக்கும் பங்குண்டு. இரண்டு ஈனிகளையும் ஒரே வெப்பநிலையில், ஒரே அழுத்தத்தில் ஒப்பிடுங்கள். பாலிமரையும் எடைபோடுங்கள்.