வாக்குத்தத்த அட்டையும் மஸ்கட் வேலையும்

அன்புள்ள ஐயா,

கிறிஸ்துவுக்குள் வாழ்த்துகள். நான் ஒரு நர்ஸ். மஸ்கட்டில் ஒரு வேலை வந்திருக்கிறது. மூன்று வாரத்துக்குள் பதில் சொல்ல வேண்டும். மகள் பத்தாம் வகுப்பு. டிசம்பர் 31 இரவு ஆராதனையில் புது வருஷத்துக்கென்று ஆளுக்கொரு வசனம் எடுக்கும் வாக்குத்தத்த அட்டையில் எனக்கு வந்தது எரேமியா 29:11, தேவன் நம்மேல் வைத்திருக்கும் நினைவுகள் தீமைக்கல்ல, சமாதானத்துக்கே என்ற வசனம். சரி, போகலாம் என்று நினைத்தேன். ஜெபித்து வேதத்தைத் திறந்தபோது ஆதியாகமம் 12:1, "உன் தேசத்தை விட்டுப் புறப்படு" என்று வந்தது. மறுநாள் திறந்தால் 26:2, "எகிப்துக்குப் போகாதே" என்கிறது. குழம்பிவிட்டேன். தினமும் வாட்ஸ்அப்பில் வரும் வசனங்களும் டியூட்டிக்குப் போனதும் மறந்துவிடுகின்றன. நான் வாசிக்கும் விதத்தில் தவறா?

ஒரு வாசகி, திருநெல்வேலி

அன்புள்ள சகோதரிக்கு,

ஆதியாகமத்தை இன்னும் சில பக்கம் புரட்டியிருந்தால் 46:3 வந்திருக்கும். அங்கே யாக்கோபிடம், எகிப்துக்குப் போகப் பயப்பட வேண்டாம் என்று சொல்லப்படுகிறது. தாத்தா ஆபிரகாமுக்குப் புறப்படு, மகன் ஈசாக்குக்குப் பஞ்சத்திலும் போகாதே, பேரன் யாக்கோபுக்குப் போ. ஒரே தேவன், ஒரே குடும்பம், மூன்று தலைமுறைக்கு மூன்று சொல். இதில் எது உங்களுக்கு என்று விரல் வைத்துக் கண்டுபிடிக்க முடியாது. அவை அந்தந்த ஆளுக்கு, அந்தந்தச் சூழ்நிலையில் சொல்லப்பட்டவை. கிதியோன் தேவனிடம் அடையாளம் கேட்டு ஆட்டுத்தோலைக் களத்தில் போட்டதை, இப்படி அடையாளம் தேடுவதற்கு ஆதாரமாகச் சிலர் காட்டுவார்கள். ஆனால் இஸ்ரவேலை மீட்கப் போ என்ற கட்டளை நியாயாதிபதிகள் 6:14-லேயே அவனுக்குக் கிடைத்துவிட்டது. தோல் வருவது 37-ஆம் வசனத்தில். அது பதில் தெரியாதவன் செய்த காரியமல்ல, தெரிந்தும் தயங்கியவன் செய்தது.

உங்கள் அட்டைக்கு வருகிறேன். எரேமியா 29 ஒரு கடிதம். பாபிலோனுக்குச் சிறைபிடித்துக் கொண்டுபோகப்பட்டவர்களுக்கு எருசலேமிலிருந்து எழுதியது. அதற்கு முந்தின அதிகாரத்தில் அனனியா என்ற தீர்க்கதரிசி இரண்டே வருஷத்தில் எல்லாம் திரும்பிவிடும் என்கிறான். கேட்க இனிமையான வார்த்தை, ஆனால் பொய். எரேமியாவோ 10-ஆம் வசனத்தில் எழுபது வருஷம் என்கிறார். அதற்குப் பிறகுதான் 11 வருகிறது. அதைக் கேட்டவர்களில் பெரியவர்கள் பலர் ஊர் திரும்பியிருக்க வாய்ப்பே இல்லை. அவர்களுக்கு அன்றாடத்துக்குக் கொடுக்கப்பட்டது 5 முதல் 7 வரை உள்ள வசனங்கள்: வீடு கட்டுங்கள், தோட்டம் போடுங்கள், பிள்ளைகளுக்குக் கலியாணம் செய்து வையுங்கள், நீங்கள் இருக்கிற பட்டணத்தின் சமாதானத்துக்காக ஜெபியுங்கள். மஸ்கட் போனாலும் போகாவிட்டாலும் இதைச் செய்யலாம். அட்டையில் இந்தப் பகுதி அச்சாவதில்லை. இடம் போதாது என்று வைத்துக்கொள்வோம்.

ஆகவே முதல் வேலை, அட்டையைக் கிழிப்பதல்ல. அந்த அதிகாரத்தை முழுதாக வாசிப்பது. வாட்ஸ்அப் வசனத்துக்கும் இதே கணக்கு. முன்னே பத்து வசனம், பின்னே பத்து வசனம். யார், யாருக்கு, எந்த நெருக்கடியில் சொன்னது என்று ஒரு வரி எழுதுங்கள். கிறிஸ்துவினாலே எல்லாவற்றையும் செய்ய எனக்குப் பெலனுண்டு என்ற பிலிப்பியர் 4:13-ஐ பரீட்சைக்குப் போகும் பிள்ளைக்கு எழுதிக் கொடுக்கிறோம். அதற்கு முந்தின வசனத்தில் பவுல் சொல்வது பட்டினியாயிருக்கவும் குறைவுபடவும் கற்றுக்கொண்டதைப் பற்றி. அவர் அப்போது காவலில் இருந்தார். இது தெரிந்தபிறகு அந்த வசனம் டியூட்டி முடியும்வரை மனதில் நிற்கும்.

தினசரி வாசிப்புக்கு ஷிப்ட் வேலைக்காரர்கள் வருஷத் திட்டத்தில் தொடங்க வேண்டாம். வேதத்தில் 1189 அதிகாரங்கள், நாளுக்கு மூன்றுக்கு மேல். ஜனவரியில் ஆரம்பித்தவர்கள் யாத்திராகமம் 25-க்கு மேல் ஆசரிப்புக்கூடாரத்தின் முழக்கணக்கில் தளர்ந்து, லேவியராகமத்தில் நின்றுவிடுகிறார்கள். இரண்டு நைட் டியூட்டி வந்தால் ஆறு அதிகாரம் பாக்கி. பாக்கி சேர்ந்ததும் குற்ற உணர்வு, அதோடு வேதம் மூடிவிடும். விட்ட நாளை அடைக்காதீர்கள். இன்றைய தேதியில் சேர்ந்துகொள்ளுங்கள்.

சங்கீதம் உங்களுக்குப் பொருந்தும். ஆங்கிலிக்கன் ஜெபப் புத்தகம் 150 சங்கீதங்களையும் காலை மாலையாக 30 நாளுக்குப் பிரித்திருக்கிறது. நீங்கள் நாளுக்கு ஒன்று போதும், ஆனால் வாய்விட்டு. சங்கீதம் 13-இல் தொடங்குங்கள், ஆறே வசனம். முதல் இரண்டில் சங்கீதக்காரன் "எதுவரைக்கும்" என்று நான்கு தடவை முறையிடுகிறான், அடுத்த இரண்டில் கேட்கிறான், கடைசி இரண்டில் நம்புகிறான். இந்த அமைப்பிலேயே உங்கள் ஜெபத்தையும் எழுதலாம்: முறையீடு இரண்டு வரி, விண்ணப்பம் இரண்டு, நம்பிக்கை இரண்டு. முறையீட்டைத் தாண்டிக் குதித்து நேரே ஸ்தோத்திரத்துக்குப் போவதுதான் நம்மில் பலர் செய்வது. சங்கீதம் 88 கடைசிவரை இருட்டிலேயே முடிகிறது. அதையும் வேதத்துக்குள் வைத்திருக்கிறார்கள் என்பதே எனக்குப் பெரிய ஆறுதல்.

இனி வேலை விஷயம். இயேசு சபைத் துறவிகளின் சபையைத் தொடங்கிய லொயோலா இஞ்ஞாசியார், தம் 'ஆன்மிகப் பயிற்சிகள்' நூலில் முடிவெடுக்க ஒரு வழிமுறை சொல்கிறார். கத்தோலிக்கர் சொன்னது என்று தள்ள வேண்டாம், நல்ல முறை. தாளில் நான்கு கட்டம்: போனால் நன்மை, போனால் இழப்பு, போகாவிட்டால் நன்மை, போகாவிட்டால் இழப்பு. இரண்டு கட்டம் போட்டால் போதாதா என்று தோன்றும், போதாது. மகளின் தேர்வு "போனால் இழப்பு" என்பதில் விழும், அடைக்காத வீட்டுக்கடன் இருந்தால் அது "போகாவிட்டால் இழப்பு" என்பதில்தான் விழும். ஒப்பந்தம் எத்தனை வருஷம், விடுப்பு எப்போது, ஏஜென்ட், வெளிநாட்டு வேலைக்கான மத்திய அரசின் இ-மைக்ரேட் தளத்தில் பதிவானவரா என்பதையும் எழுதுங்கள். கோபுரம் கட்டுகிறவன் முதலில் உட்கார்ந்து செலவைக் கணக்குப் பார்க்க வேண்டும் என்று லூக்கா 14:28-இல் இயேசுவே சொல்கிறார். பிறகு, முகம் தெரியாத ஒரு நர்ஸ் இதே கேள்வியோடு வந்தால் என்ன சொல்வீர்கள் என்று எழுதிப் பாருங்கள். இதுவும் அவர் சொன்னதுதான். மனம் சோர்ந்து கிடக்கும் நாளில், முன்பு எடுத்த முடிவை மாற்றக் கூடாது என்பது அவருடைய இன்னொரு விதி. நைட் டியூட்டி முடிந்த காலையையும் அதில் சேர்த்துக்கொள்ளுங்கள்.

மூன்று வாரம் இருக்கிறது. முதல் வாரம் சங்கீதமும் விசாரிப்பும் மட்டும். இரண்டாவது வாரம் தாளை நிரப்பி, வீட்டுக்காரரிடமும் மகளிடமும், கல்ஃபில் வேலை பார்த்துத் திரும்பிய ஒரு அக்காவிடமும் காட்டுங்கள். எருசலேம் சபை அப்போஸ்தலர் 15-இல் கூடிப் பேசி, விவாதித்த பிறகுதான் "பரிசுத்த ஆவிக்கும் எங்களுக்கும் நலமாகக் கண்டது" என்று எழுதியது. மூன்றாவது வாரம் முடிவெடுத்து இரண்டு நாள் யாரிடமும் சொல்லாமல் வைத்திருங்கள். அந்த இரண்டு நாளும் அது கனக்காவிட்டால் ஏஜென்சிக்குப் பதில் அனுப்புங்கள். கனத்தால் பாஸ்டரிடம் ஒருமுறை பேசுங்கள். போகும்போது அந்தத் தாளையும் எடுத்துப் போங்கள்.