பெருந்தொற்று மக்களின் வாங்கும் பழக்கத்தையும் அன்றாடச் செலவையும் எப்படி மாற்றியது? அந்த மாற்றம் நிலைத்ததா?

வீட்டுச் செலவை அன்றன்று நோட்டில் எழுதிவைப்பது எனக்குப் பல வருடப் பழக்கம். இந்தக் கேள்வியைப் பார்த்ததும் 2020-ஆம் வருட நோட்டைத் தேடி எடுத்துப் பக்கம் பக்கமாகப் புரட்டினேன். அதை வைத்தே பதில் சொல்கிறேன்.

பிப்ரவரிப் பக்கங்களில் ஒரு நாளைக்கு எட்டு, பத்து வரிகள் இருக்கின்றன. பேருந்து, வெளியில் சாப்பிட்டது, செருப்புத் தைத்தது, முடிவெட்டியது, யாருக்கோ பிறந்தநாள் பரிசு. எல்லாம் சில்லறைச் செலவுகள். மார்ச் 11 அன்று உலக சுகாதார நிறுவனம் கோவிட்-19-ஐப் பெருந்தொற்று என்று அறிவித்தது. அடுத்த இரண்டு வாரத்தில் நோட்டின் தோற்றமே மாறிவிட்டது. பல நாட்களில் ஒரு வரிகூட இல்லை. வாரத்துக்கு ஒரு முறை மளிகை என்று ஒரே பெரிய தொகை, அப்புறம் மருந்து, சானிடைசர், இணையக் கட்டணம். மே மாதத்தில் ஒரு மேசையும் நாற்காலியும் வாங்கியிருக்கிறேன். வீட்டிலிருந்தே வேலை என்று ஆனதும் தரையில் உட்கார்ந்து முதுகுவலி தாங்காமல் வாங்கியவை.

செலவு நன்றாகக் குறைந்துவிட்டது என்றுதான் அப்போது நினைத்திருந்தேன். மாதக் கூட்டலைப் பார்த்தால் அப்படி இல்லை. பணம் வேறு பக்கம் போயிருக்கிறது, அவ்வளவுதான்.

இது என் வீட்டுக் கதை மட்டும் இல்லை. வழக்கமாகப் பொருளாதாரம் படுக்கும்போது மக்கள் முதலில் தள்ளிப்போடுவது கார், குளிர்சாதனப் பெட்டி, மரச்சாமான் போன்றவற்றைத்தான். பழையதையே இன்னொரு வருடம் ஓட்டலாம் என்று விடுவார்கள். முடிவெட்டுவதையும் பேருந்தில் போவதையும் யாரும் அவ்வளவாகக் குறைப்பதில்லை. 2008 நெருக்கடியில் அப்படித்தான் நடந்தது. 2020-இல் தலைகீழ். உணவகம், பயணம், திரையரங்கு, சலூன் என்று ஆள் ஆளுக்குச் செய்யும் சேவைகள் எல்லாம் ஒரே நேரத்தில் நின்றன. அந்தப் பணத்தில் ஒரு பகுதி மடிக்கணினி, உடற்பயிற்சிக் கருவி, மரச்சாமான் என்று பொருட்களின் பக்கம் திரும்பியது.

உலகத் தொழிற்சாலைகள் அந்தத் திருப்பத்துக்குத் தயாராக இல்லை. கார் நிறுவனங்கள் இனி யார் வாங்கப் போகிறார்கள் என்று 2020-இன் தொடக்கத்தில், காரின் மின்னணுப் பாகங்களுக்கு வேண்டிய சிப் ஆர்டர்களை ரத்து செய்தன. சிப் தயாரிப்பாளர்கள் அந்த இடத்தைக் கணினிக்கும் கைபேசிக்கும் கொடுத்துவிட்டார்கள். கார் வாங்க ஆள் திரும்பி வந்தபோது சிப் இல்லை. 2021 முழுக்கப் பல நாடுகளில் புதுக் கார் கிடைக்காமல் பழைய காரின் விலை எகிறியது இதனால்தான். கப்பல் கொள்கலன்களுக்கும் தட்டுப்பாடு. இதோடு 2022-இல் உக்ரைன் போரும் சேர்ந்துகொள்ள, அந்த ஜூனில் அமெரிக்கப் பணவீக்கம் 9.1 சதவீதத்தைத் தொட்டது. நாற்பது ஆண்டுகளில் இல்லாத உயரம் அது. அக்டோபரில் யூரோ நாடுகளில் 10.6.

பதுக்கல் பற்றியும் சொல்ல வேண்டும். டாய்லெட் பேப்பர் அடுக்குகள் காலியாகக் கிடந்த படங்களைப் பார்த்து மக்களைச் சுயநலக்காரர்கள் என்று எல்லோரும் திட்டினார்கள். பயத்தில் அள்ளியவர்கள் இருந்தார்கள், உண்மைதான். ஆனால் அலுவலகத்திலும் பள்ளியிலும் செலவான பேப்பரும் இப்போது வீட்டில் செலவாகத் தொடங்கியதே! அலுவலகங்களுக்குப் போவது பெரிய உருளை, அதன் தயாரிப்பு வரிசை வேறு, கொண்டுசேர்க்கும் ஆட்களும் வேறு. அதை ஒரே வாரத்தில் வீட்டுக்கான பொட்டலமாக மாற்ற முடியாது. மாவு, ஈஸ்ட் தட்டுப்பாடும் கிட்டத்தட்ட இதே கதை. சாதாரணமாக ஒன்றுக்கு இரண்டாக வாங்கிய ஒரு தாயைப் பேராசைக்காரி என்று சொல்ல எனக்கு மனம் வரவில்லை.

சரி, எது நிலைத்தது? பயத்தால் வந்த பழக்கங்கள் பயத்தோடு போய்விட்டன. பால் பாக்கெட்டைச் சோப்புப் போட்டுக் கழுவியது, மூன்று மாத மளிகையை அடுக்கிவைத்தது எதுவும் இப்போது இல்லை. சுலபமாக இருந்த பழக்கங்கள் தங்கிவிட்டன. பிரிட்டனில் அட்டையைத் தொடாமல் காட்டிப் பணம் செலுத்தும் உச்சவரம்பை 2020 ஏப்ரலில் 30 பவுண்டிலிருந்து 45 ஆக்கினார்கள். கிருமி பயம் தணிந்த பிறகு அது இறங்கவில்லை. 2021 அக்டோபரில் 100 ஆனது. இணையத்தில் வாங்குவது கொஞ்சம் வேறு மாதிரி. அமெரிக்கச் சில்லறை விற்பனையில் அதன் பங்கு 2020-இன் இரண்டாம் காலாண்டில் 16 சதவீதத்தை ஒட்டி ஏறியது, கடைகள் திறந்ததும் சற்று இறங்கியது. கடைக்குப் போய்த் தொட்டுப் பார்த்து வாங்கும் ஆசை மனிதர்களை விட்டுப் போகவில்லை.

சேமிப்பு பழக்கமும் வளர்ந்தது என்று சிலர் எழுதுகிறார்கள். 2020 ஏப்ரலில் அமெரிக்கக் குடும்பங்கள் கைக்கு வந்த வருமானத்தில் 30 சதவீதத்துக்கு மேல் சேமித்தார்கள் என்பது உண்மை. ஆனால் செலவழிக்க வழி இல்லை, அரசு உதவித்தொகையும் வந்தது. அதனால் சேர்ந்த பணம் அது. எல்லாம் திறந்ததும் அந்த விகிதம் பழைய அளவுக்கும் கீழே போனது. வேலை இழந்தவர்கள் வீட்டில் சேமிப்பு கரைந்துதான் போனது. சராசரியை மட்டும் பார்த்தால் இந்த இரண்டு வீடுகளும் ஒன்றாகத் தெரியும், அதுதான் எனக்குக் கோபம் வரும் இடம்.

எல்லாப் பெருந்தொற்றும் ஒரே மாதிரி முடிவதும் இல்லை. 1348-இல் இங்கிலாந்துக்கு வந்த கொள்ளைநோயில் உழைக்கும் ஆட்கள் ஏராளமாக இறந்ததால், பிழைத்தவர்களின் கூலி ஏறியது. சாமானியர்கள் நல்ல துணி உடுத்தவும் இறைச்சி சாப்பிடவும் தொடங்கினார்கள். பொறுக்க முடியாமல் 1351-இல் கூலிக்கு வரம்பு வைத்துச் சட்டம் போட்டார்கள். 1363-இல் யார் என்ன உடுத்தலாம், என்ன சாப்பிடலாம் என்று அந்தஸ்துவாரியாக இன்னொரு சட்டமே வந்தது.

நோட்டுக்கே திரும்புகிறேன். முடிவெட்டியது என்ற வரி மார்ச் முதல் வாரத்தில் இருக்கிறது. அடுத்தது ஜூலைக் கடைசியில். மேசை வாங்குவதை நான் தள்ளிப்போட்டிருந்தால் கடைக்காரருக்கு அந்த விற்பனை இரண்டு மாதம் கழித்தாவது வந்திருக்கும். ஏப்ரல், மே, ஜூனில் வெட்டாத முடியை ஜூலையில் ஒரே தடவைதான் வெட்ட முடியும். நடுவில் போன மூன்று கூலி போனதுதான். அந்தச் சலூனில் மூன்று நாற்காலிகள் உண்டு. நான் போன அன்று இரண்டு காலியாக இருந்தன. அவற்றின் பக்கத்தில் நின்று வேலை செய்தவர்கள் வேறு பிழைப்புத் தேடிப் போய்விட்டார்கள் என்று சலூன்காரர் கத்தரியை நிறுத்தாமலே சொன்னார். அன்றைய வரியில் வழக்கமான தொகையைப் போல் இரண்டு மடங்கு எழுதியிருக்கிறேன். நான்கு மடங்காகவே கொடுத்திருக்கலாம் என்று இப்போது தோன்றுகிறது.