கரையாது என்று அட்டவணை சொல்லியும் வீழ்படிவு வரவில்லையே, ஏன்?

0.02 மோலார் (லிட்டருக்கு 0.02 மோல்) லெட் (ஈயம்) நைட்ரேட்டையும் அதே செறிவுள்ள சோடியம் குளோரைடையும் சம அளவு கலந்தும் சோதனைக் குழாய் தெளிவாகவே இருக்கிறது என்று கேட்டிருக்கிறீர்கள். கரைதிறன் அட்டவணையில் தப்பில்லை. எந்த அயனி ஜோடி வீழ்படிவாக, அதாவது கரையாத திடப்பொருளாகப் பிரியக்கூடும் என்பதை மட்டும்தான் அது சொல்லும். இந்தச் செறிவில் வருமா என்பதைக் கணக்குப் போட்டுத்தான் பார்க்க வேண்டும்.

ஜோடியைக் கண்டுபிடிப்பது எளிது. அயனிகளை இடம் மாற்றி எழுதுங்கள். நைட்ரேட்டுகளும் சோடியம், பொட்டாசியம், அம்மோனியம் உப்புகளும் கரைந்துவிடும் என்பதால் சோடியம் நைட்ரேட்டை ஒதுக்கிவிடலாம். மிச்சம் லெட் குளோரைடு.

இதன் கரைதிறன் பெருக்கம் 25 டிகிரி செல்சியஸில் 1.7 × 10⁻⁵. கரைசலில் உள்ள அயனிச் செறிவுகளின் பெருக்கம் இந்த எல்லையைத் தாண்டினால்தான் வீழ்படிவு வரும். சம அளவு கலந்ததுமே இரண்டின் செறிவும் பாதியாகி 0.01 ஆகிவிடும், பலரும் தவறவிடுவது இந்த இடத்தைத்தான். ஒரு லெட்டுக்கு இரண்டு குளோரைடு என்பதால் குளோரைடின் செறிவை வர்க்கப்படுத்த வேண்டும்: 0.01 × (0.01)² = 10⁻⁶. கரைதிறன் பெருக்கத்தைவிடக் குறைவு, அதனால் வீழ்படிவு வராது. இரண்டையும் 0.1 மோலாராக எடுத்தால் பெருக்கம் 1.25 × 10⁻⁴ ஆகும், வரும். அப்போதும் தாமதமானால் குழாயைக் குளிர்ந்த நீரில் வைத்து, கண்ணாடிக் கோலால் உட்சுவரை லேசாக உரசுங்கள். இந்த வீழ்படிவைச் சூடாக்கினால் கரையும், ஆறவிட்டால் பளபளக்கும் வெள்ளை ஊசிகளாகத் திரும்பி வரும். லெட்டை அடையாளம் காண இது நல்ல வழி.

உங்கள் 0.02 மோலார் கரைசலே போதும் என்றால் சோடியம் குளோரைடுக்குப் பதில் அதே செறிவில் பொட்டாசியம் அயோடைடைச் சேருங்கள். லெட் அயோடைடின் கரைதிறன் பெருக்கம் 10⁻⁸-க்கும் குறைவு. மஞ்சள் உடனே தெரியும். குளோரைடே வேண்டுமென்றால் அதைக் கூடுதலாகச் சேர்க்கலாம், பொது அயனி விளைவு (ஏற்கெனவே உள்ள அயனியை மேலும் சேர்த்தால் கரைதிறன் குறைவது) உதவும். ஆனால் அடர் ஹைட்ரோகுளோரிக் அமிலத்தை அள்ளி ஊற்றாதீர்கள். லெட் பல குளோரைடுகளோடு பிணைந்து அணைவு அயனியாகி மறுபடி கரைந்துவிடும்.

உப்புப் பகுப்பாய்வில் நேர்வது இதற்கு நேர்மாறு: வரக்கூடாதது வந்து ஏமாற்றும். குளோரைடு சோதனையில் சில்வர் நைட்ரேட்டுக்கு முன் நீர்த்த நைட்ரிக் அமிலம் சேர்ப்பது, கார்பனேட்டும் பாஸ்பேட்டும் சில்வரோடு வீழ்படிவாகாமல் இருக்கத்தான். நுரை அடங்கும்வரை அமிலம் விட்டு, பிறகு இரண்டு மூன்று சொட்டு சில்வர் நைட்ரேட். தயிர் போன்ற வெள்ளை வீழ்படிவு அம்மோனியாவில் கரைந்தால் அது குளோரைடு. குழாய்த் தண்ணீரில் உப்பைக் கரைத்தால் எல்லா மாதிரியும் கலங்கும், ஏனெனில் சில்வர் குளோரைடின் கரைதிறன் பெருக்கம் 1.8 × 10⁻¹⁰ தான். வாலை வடிநீர் கட்டாயம். அம்மோனியா சேர்த்த அந்தக் கரைசலைச் சோதனைக் குழாயில் விட்டு வைக்காதீர்கள். நாள்பட்டால் வெடிக்கக்கூடிய பொருள் உண்டாகும். சோதனை முடிந்ததும் நீர்த்த நைட்ரிக் அமிலம் விட்டு அமிலமாக்கி, கழிவு ஜாடியில் ஊற்றுங்கள். லெட் கழிவுக்குத் தனி ஜாடி. தொட்டியில் ஊற்றவே கூடாது.