மருமகன் வேட்டைக்குக் கூப்பிடுகிறார், எதை உடுத்திக்கொண்டு போவது?

(வாசகர் கேள்வி – பதில்)

போன இதழில் ஒரு பதிலுக்கு நடுவே, கனடாவில் ஒன்ராறியோவின் வடக்குப் பக்கம் லாரிப் பட்டறையில் வேலை பார்த்த காலத்தில் நவம்பர் பிறந்தால் பட்டறையே காலியாகிவிடும், எல்லாரும் மான் வேட்டைக்குப் போய்விடுவார்கள், நானும் சில வருடம் வால் மாதிரிக் கூடவே போயிருக்கிறேன் என்று நாலு வரி எழுதினேன். அதற்கு இத்தனை கடிதம் வரும் என்று நினைக்கவில்லை. நம் மாவட்டத்தில் வீட்டுக்கு ஒருவர் வெளிநாட்டில் என்பதை மறந்துவிட்டேன். எனவே இந்த வாரம் முழுக்க அதுதான்.

நான் ஓய்வு பெற்ற ஆசிரியர், வயது 63. மகள் ஒன்ராறியோவில். இந்த நவம்பரில் அங்கே இருப்பேன். மருமகன் மான் வேட்டைக்குக் கூட வரச் சொல்கிறார். துப்பாக்கியைத் தொட மாட்டேன், பக்கத்தில் உட்காருவதோடு சரி. இங்கிருந்து என்னென்ன வாங்கிக்கொண்டு போக வேண்டும்? – தக்கலை வாசகர்

சார், முதலில் கடைக்குப் போகாதீர்கள். நம் ஊர்க்காரர் குளிருக்குப் பயந்து செய்கிற தப்பு ஒன்றுதான்: இருக்கிற எல்லாவற்றையும் ஒரே நேரத்தில் மாட்டிக்கொண்டு கிளம்புவது. நானும் அதைத்தான் செய்தேன். முதல் நாள் விடிகாலை, மைனஸ் 9 டிகிரி. பருத்தி பனியன், அதன் மேல் இரண்டு பருத்திச் சட்டை, ஸ்வெட்டர், மொத்தமான ஜாக்கெட், கீழே ஜீன்ஸ். காரை விட்டு இறங்கி, பனிக்குள் கால் புதையப் புதைய அரை மணி நேரம் நடந்தோம். பங்குனி வெயிலில் தென்னந்தோப்புக்குத் தண்ணீர் பாய்ச்சியவன் மாதிரி வேர்த்துவிட்டது. அப்புறம் மரத்தடியில் அசையாமல் உட்கார்ந்தோம். இருபது நிமிடம்கூட ஆகியிருக்காது, முதுகில் ஒட்டிக்கிடந்த பனியன் ஐஸ் துணியாக மாறிவிட்டது. பல் கிட்டித்துப் பேச்சு வரவில்லை. எட்டு மணிக்கு என்னைக் கூட்டிக்கொண்டு திரும்பிய நண்பர் ஒரு வார்த்தை கடிந்து பேசவில்லை, ஆனால் அவருடைய ஒரு நாள் வேட்டை என்னால் போனது போனதுதான்.

குளிரைவிட வியர்வைதான் அங்கே ஆளைக் கவிழ்க்கும். அசையாத காற்றைவிடத் தண்ணீர் உடம்புச் சூட்டைச் சுமார் 25 மடங்கு வேகமாக இழுத்துக்கொண்டு போகும். பருத்தி வியர்வையைக் குடித்துவிட்டு விடவே விடாது. நமக்கு சித்திரையில் அது வரம், அங்கே அதுதான் வினை. ஆட்டுக் கம்பளி அப்படி இல்லை, தன் எடையில் ஏறக்குறைய மூன்றில் ஒரு பங்கு ஈரத்தை நாருக்குள் வாங்கிக்கொண்டும் தோலில் ஈரமாகத் தெரியாது, நனைந்தாலும் ஓரளவு சூடு காக்கும். அதனால் தோலை ஒட்டி மெரினோ ஆட்டின் மெல்லிய கம்பளியோ பாலியெஸ்டர் தெர்மலோ (குளிருக்கு உள்ளே போடுகிற ஒட்டிய உடுப்பு), மேலும் கீழும். அதன் மேல் ஃப்ளீஸ் (மெத்தென்ற பாலியெஸ்டர் துணி) அல்லது கம்பளி ஸ்வெட்டர், தடியாக ஒன்று போடுவதற்குப் பதில் மெல்லிசாக இரண்டு போட்டால் வேண்டியபோது ஒன்றைக் கழற்றலாம். எல்லாவற்றுக்கும் மேலே காற்றைத் தடுக்கிற ஒன்று. காற்றைப் பற்றி ஆரல்வாய்மொழி வழியாக பஸ்ஸில் ஜன்னலோரம் போனவருக்கு நான் சொல்லித்தர வேண்டியதில்லை. மைனஸ் 10 டிகிரியில் மணிக்கு 30 கிலோமீட்டர் காற்று அடித்தால் தோலுக்கு அது மைனஸ் 20.

உடுப்பைவிட முக்கியம், அதைப் போடுகிற நேரம். நடக்கும்போது பெரிய ஜாக்கெட் பைக்குள் இருக்கட்டும். காரிலிருந்து இறங்கும்போது "கொஞ்சம் குளிருகிறதே" என்று தோன்ற வேண்டும், அதுதான் சரியான அளவு. உட்காரும் இடத்துக்குப் போனதும் பனியன் நனைந்திருந்தால் மாற்றுங்கள் (ஒன்று கூடுதலாக எடுத்துப் போங்கள், பாலிதீன் கவரில் சுற்றி), உடம்பு கொஞ்சம் ஆறியதும், நடுக்கம் தொடங்கும் முன்னே, ஜாக்கெட்டைப் போடுங்கள். பளபள நைலான் ஜாக்கெட் வேண்டாம், கையை அசைத்தால் பலசரக்குக் கடைக் கவர் மாதிரி சரசரவென்று சத்தம் வரும், மானுக்குக் காது நம்மைவிடக் கூர்மை.

மங்கி கேப்பைப் பற்றியும் கேட்டிருந்தீர்கள். தாராளமாக. ஆனால் உடம்புச் சூட்டில் பாதி தலை வழியாகத்தான் போகிறது என்று உங்கள் மகள் சொன்னது பழைய கதை, பத்தில் ஒரு பங்கு இருந்தால் அதிகம். தலையை மூடிவிட்டுக் காலை விட்டுவிடாதீர்கள்.

வாங்குவது என்றால், இங்கே கிடைக்கிற தெர்மல்களில் லேபிளைப் பார்த்து வாங்குங்கள், நிறைய பருத்தி கலந்தவை. பாலியெஸ்டர் என்று எழுதியிருந்தால் இரண்டு செட் எடுத்துக்கொள்ளலாம். மற்றதெல்லாம் மருமகனிடம் கேளுங்கள், வேட்டைக்காரர் வீட்டில் பழைய ஜாக்கெட் குறைந்தது மூன்று இருக்கும். மாமனார் மருமகனிடம் சட்டை கேட்பதா என்று கூச்சப்பட்டால் இரண்டு லட்ச ரூபாய் டிக்கெட்டில் போய் காருக்குள் ஹீட்டர் போட்டு உட்கார வேண்டியதுதான். இன்னொன்று, சொல்லக் கொஞ்சம் சங்கடம், நம் வயதில் ஒண்ணுக்குப் போகிற தேவை அடிக்கடி வரும். நாலு அடுக்கையும் கையுறையோடு அவிழ்த்துப் பார்ப்பதை வீட்டிலேயே ஒரு தரம் ஒத்திகை பாருங்கள்.

இரண்டு ஜோடி சாக்ஸ் போட்டும் மகனுக்கு கால் விறைத்துப் போகிறதாம். விலை உயர்ந்த பூட்ஸ்தான். காரணம் என்ன? – கருங்கல் வாசகி

இரண்டு ஜோடி சாக்ஸ்தான் காரணம், அக்கா. அளவாக வாங்கிய பூட்ஸுக்குள் இரண்டாவது சாக்ஸைத் திணித்தால் கால் நெருங்கும், ரத்த ஓட்டம் குறையும், சூட்டைப் பிடித்து வைக்கிற காற்றுக்கும் இடம் இல்லாமல் போகும். விரலை உள்ளே ஆட்ட முடிய வேண்டும். தடிக் கம்பளி சாக்ஸைப் போட்டுக்கொண்டே கடையில் அளவு பார்க்கச் சொல்லுங்கள், அரை அளவோ ஒரு அளவோ பெரிதாகவே வரும்.

நான் முதலில் வாங்கியது முழுக்க ரப்பர். ரப்பர் தோட்டத்து ஊர்க்காரனுக்கு ரப்பர் மேல் ஒரு பாசம். வெளித்தண்ணீர் ஒரு சொட்டு உள்ளே வரவில்லை, கால் வியர்வையும் ஒரு சொட்டு வெளியே போகவில்லை. அப்புறம் அடிப்பாகம் ரப்பர், மேலே தோல், உள்ளே கழற்றி எடுக்கிற மாதிரி ஃபெல்ட் (அழுத்திச் செய்த கம்பளி) உறை வைத்த பூட்ஸுக்கு மாறினேன். அந்த உறையைத் தினம் ராத்திரி வெளியே எடுத்து அடுப்புக்குக் கொஞ்சம் தள்ளி உலர வைக்க வேண்டும், அதை மறந்தால் மறுநாள் முழுக்க அழுகைதான். கடையில் 400 கிராம், 800 கிராம் என்று சொல்வது பூட்ஸின் எடை இல்லை, உள்ளே வைத்த சூடு காக்கும் பஞ்சு ஒரு சதுர மீட்டருக்கு எத்தனை கிராம் என்ற கணக்கு. நடப்பவருக்கு 400 போதும், மணிக்கணக்கில் உட்காருபவருக்கு 800க்கு மேல். உட்காரும்போது காலடியில் ஒரு துண்டு ஃபோம் ஷீட் போட்டுக்கொள்ளச் சொல்லுங்கள், காசே ஆகாத வித்தை, தரை சூட்டை உறிஞ்சுவது நன்றாகக் குறையும்.

என் கணவர் இங்கே வெள்ளைக்கார நண்பர்களுடன் வேட்டைக்குப் போகத் தொடங்கியிருக்கிறார். அவருடைய உடுப்பைத் தனியாகத் துவைக்க வேண்டும், சாதாரண சோப்புத் தூள் கூடாது என்கிறார். டூட்டி முடிந்து வந்து இது வேறயா? – அருமனைக்காரி, இப்போது கனடாவின் சஸ்காட்சுவனில் நர்ஸ்

தங்கச்சி, அவர் சொல்வது சரி, ஆனால் துவைக்க வேண்டியது அவர்தான்!

வெள்ளை பளிச்சென்று தெரியட்டும் என்று நிறைய சோப்புத் தூளில் ஒரு பொருள் சேர்க்கிறார்கள். அது கண்ணுக்குத் தெரியாத புற ஊதா ஒளியை வாங்கி நீல ஒளியாகத் திருப்பிவிடும். நம் வீட்டில் வேட்டிக்கு நீலம் போட்டால் வெளுப்பு தூக்கலாகத் தெரியுமே, கிட்டத்தட்ட அதே எண்ணம். மானின் கண்ணுக்கு நீலம் நன்றாகத் தெரியும், புற ஊதாவும் ஓரளவு தெரியும், அதனால் மங்கலான விடிகாலையில் அவர் தனியாகத் துலங்கி நிற்பார். வாசனையும் பிரச்சினை, மல்லிகை மணக்கிற கம்ஃபர்ட் வகையறா ஊற்றினால் மான் காற்று வாக்கில் தூரத்திலேயே மோந்துவிட்டுத் திரும்பிப் போய்விடும். மணமும் பளிச்சும் இல்லாத சோப்பு, பச்சைத் தண்ணீர், நிழலில் உலர்த்தல். கம்பளியை வெந்நீரில் போட்டால் உங்கள் பிள்ளைக்குத்தான் அளவாக இருக்கும்.

மானுக்குத் தெரியாமல் ஒளிந்திருக்க வேண்டும் என்கிறீர்கள், படங்களில் பார்த்தால் எல்லாரும் ஆரஞ்சு கலரில் எரிகிறார்களே? – நாகர்கோவில் கல்லூரி மாணவர்

நல்ல கேள்வி தம்பி. அந்த ஆரஞ்சு மற்ற வேட்டைக்காரர்களுக்காக. நம் கண்ணில் நிறம் பார்க்கிற செல்கள் மூன்று வகை, மானுக்கு இரண்டுதான், சிவப்புப் பக்கம் அதற்குப் பிடிபடாது. நமக்கு நெருப்பாகத் தெரிகிற ஆரஞ்சு, புல்லும் சருகும் மாதிரி ஒரு மந்த நிறமாகத்தான் அதற்குத் தெரியும். ஒன்ராறியோவில் துப்பாக்கி சீசனில் இடுப்புக்கு மேலே எல்லாப் பக்கமும் தெரிகிற மாதிரி குறைந்தது 400 சதுர அங்குலம் ஆரஞ்சு, தலைக்கும் ஆரஞ்சு என்று வேட்டைக்காரர்களுக்குச் சட்டமே இருக்கிறது. தக்கலை சார், நீங்கள் சும்மா கூடப் போனாலும் போடுங்கள். பழுப்பு நிற ஸ்வெட்டரோடு புதருக்குள் குனிகிற ஆளைத் தூரத்திலிருந்து பார்ப்பவர் என்னவென்று நினைப்பார்?

குளிருக்கு ஒரு பெக் பிராந்தி நல்லதுதானே? – குளச்சல்

இல்லை. தோலுக்கு ரத்தம் பாய்வதால் சூடாக இருப்பதாகத் தோன்றும், உள்ளே இருக்கிற சூடு வெளியே போய்க்கொண்டிருக்கும். ஃப்ளாஸ்கில் கடும் சாயா கொண்டு போங்கள். வேட்டை முடிந்து வீட்டுக்கு வந்து துப்பாக்கியைப் பூட்டிய பிறகு உங்கள் இஷ்டம்.

கையுறை போட்டும் கை விறைக்கிறது. ஹேண்ட் வார்மர் என்று ஒரு பொட்டலம் விற்கிறார்களாமே, அது எப்படி வேலை செய்கிறது? போன், கண்ணாடியெல்லாம் தாங்குமா? – குலசேகரம்

பொட்டலத்துக்குள் இருப்பது இரும்புத் தூள். முட்டத்தில் கடற்கரை வீட்டு ஜன்னல் கம்பி துருப்பிடிக்கிறதே, அதே துருதான், உப்பும் கரித்தூளும் சேர்த்து வேகமாகப் பிடிக்க வைக்கிறார்கள், அந்தச் சூடுதான் கைக்கு. காற்று பட்டால்தான் வேலை செய்யும், அதனால் உறையைக் கிழித்துக் கொஞ்ச நேரம் வெளியே வைத்து அப்புறம் பாக்கெட்டில் போடுங்கள். நேராகத் தோலில் வைத்துக் கட்டினால் புண்ணாகும். ஐந்து விரலுக்கும் தனித்தனி அறை உள்ள கையுறையைவிட நாலு விரலும் ஒன்றாக இருக்கிற மிட்டன் சூடு அதிகம், விரல்கள் ஒன்றுக்கொன்று துணை. உள்ளே மெல்லிய கையுறை ஒன்று இருந்தால் ஜிப் போடவும் பட்டன் மாட்டவும் வெறுங்கையை வெளியே எடுக்க வேண்டாம்.

போனை உள்சட்டைப் பாக்கெட்டில் வையுங்கள், வெளியே வைத்தால் பாதி சார்ஜ் இருக்கும்போதே அணைந்துவிடும், உடம்புச் சூட்டில் கொஞ்ச நேரம் இருந்தால் பிழைத்துக்கொள்ளும். டார்ச்சுக்கு சாதாரண ஆல்கலைன் செல்லைவிட லித்தியம் செல் குளிரைத் தாங்கும்.

துப்பாக்கிக்கு எண்ணெய் அதிகம் வேண்டாம் என்று சொல்வதன் காரணத்தை நம் வீட்டுத் தேங்காய் எண்ணெய் பாட்டிலைப் பார்த்தாலே புரியும். 24 டிகிரிக்குக் கீழே அது உறைகிறது, மார்கழிக் காலையில் பாட்டிலைக் கவிழ்த்தால் சொட்டாது. துப்பாக்கி எண்ணெய் அப்படி உறையாது என்றாலும் மைனஸ் 20ல் குழகுழவென்று கெட்டியாகி, தோட்டாவைத் தட்டி வெடிக்க வைக்கிற ஊசி சரியாக அடிக்காமல் போவதுண்டு. வெளியிலிருந்து சூடான வீட்டுக்குள் நேராகக் கொண்டு வந்தால் இரும்பெல்லாம் வேர்த்து வடியும், தொலைநோக்கிக் கண்ணாடிக்குள் ஆவி படியும். அதனால் உறையோடு கொண்டு வந்து மெதுவாகச் சூடேறிய பிறகு திறந்து துடைப்பார்கள். உங்கள் மூக்குக் கண்ணாடிக்கும் அதே கதிதான், துடைக்கத் துணி வைத்துக்கொள்ளுங்கள்.

என் தம்பி மரத்தில் பரண் கட்டி உட்காரப் போகிறானாம். அதற்குத் தனி உடுப்பு உண்டா? – களியக்காவிளை

உடுப்பு அதேதான். ஆனால் உடம்பு முழுக்க மாட்டுகிற பெல்ட் இல்லாமல் ஏற விடாதீர்கள். பனையேறிக்குத் தளைநார் எப்படியோ அப்படி, ஏறும் முதல் படியிலிருந்து இறங்கும் கடைசிப் படி வரை. பெரிய ஜாக்கெட்டோடு சேர்த்து அளவு பார்த்து வாங்க வேண்டும், டீ-சர்ட்டோடு பார்த்து வாங்கிவிட்டுக் காட்டில் மாட்ட முடியாமல் கழற்றி வைத்தவரைப் பார்த்திருக்கிறேன். துப்பாக்கியைத் தோளில் போட்டுக்கொண்டு ஏறக் கூடாது, குண்டை எடுத்துவிட்டுக் கயிறு கட்டி மேலே இழுக்க வேண்டும்.

அவனிடம் இன்னொன்றும் சொல்லுங்கள். நடுக்கம் வந்தால் இறங்கி நட. வாய் குழறினாலோ, ஜிப்பைப் பிடிக்க விரல் தடுமாறினாலோ, நடுங்கிக்கொண்டிருந்த உடம்பு சூடேறாமலே நடுக்கத்தை நிறுத்திவிட்டாலோ அன்றைக்கு வேட்டை முடிந்தது, உடனே சூடான இடத்துக்கு, உடனே உதவிக்குப் போன். விரல் வெளுத்து மரத்துப்போனால் நம் வழக்கப்படி எண்ணெய் போட்டுத் தேய்க்கக் கூடாது, பனியை வைத்தும் தேய்க்கக் கூடாது. திரும்ப உறையாது என்ற இடத்துக்கு வந்த பிறகு கை பொறுக்கிற வெதுவெதுப்பான தண்ணீரில், சுமார் 37லிருந்து 39 டிகிரி, முக்கி வைத்து டாக்டரிடம் போக வேண்டும்.

அண்ணாச்சி, இந்த ஜாக்கெட், பூட்ஸ் எல்லாம் மாமா கொண்டு வந்து தந்திருக்கிறார். கீரிப்பாறைப் பக்கம் ஒரு ராத்திரி போய்ப் பார்க்கலாம் என்று நண்பர்கள் சொல்கிறார்கள். – பூதப்பாண்டி, பெயர் வேண்டாம்

பெயர் போடாததே நல்லது தம்பி. கீரிப்பாறைப் பக்கக் காடு சரணாலயம், வேட்டை நம் நாட்டில் 1972 வனவிலங்குப் பாதுகாப்புச் சட்டப்படி குற்றம். மிளாவைத் தொட்டாலும் கேஸ், முயலைத் தொட்டாலும் கேஸ். தவிர அந்த ஜாக்கெட்டைப் போட்டுக்கொண்டு கீரிப்பாறையில் நூறு அடி நடந்தால் வேர்த்து நீயே மயங்கி விழுவாய். பூட்ஸுக்குள் பழைய பேப்பரைத் திணித்து, காற்றுப் படுகிற இடத்தில் வை, ஐப்பசி மழையில் பூஞ்சை பிடிக்காமல் பார்த்துக்கொள். கம்பளி சாக்ஸ் மட்டும் கொடைக்கானல் போகும்போது உதவும்.