போர் முடிந்து பல ஆண்டுகள் ஆன பிறகும் கண்ணிவெடிகளை ஏன் முழுதாக அகற்ற முடிவதில்லை?

செயற்கைக்கோளும் ட்ரோனும் வந்துவிட்ட காலத்தில் மனிதர்கள் ஏன் இன்னும் முழங்காலிட்டு மண்ணைச் சுரண்டிக்கொண்டிருக்கிறார்கள் என்றும் சேர்த்துக் கேட்டிருக்கிறீர்கள். கண்ணிவெடி அகற்றும் குழு ஒன்றில் மூன்று ஆண்டுகள் களத்தில் இருந்தவன் என்பதால் பதில் எழுதுகிறேன்.

வெடியைக் கண்டுபிடித்து எடுப்பது இந்த வேலையில் சின்னப் பங்குதான். “இந்த நிலத்தில் இனி ஒன்றுகூட இல்லை” என்று சொல்லிக் கையெழுத்துப் போடுவதற்குத்தான் காலமெல்லாம் போகிறது. போர் நடக்கும்போது ராணுவம் வெடிகளுக்கு நடுவே ஒரு வழி உண்டாக்கினால் அதற்குப் போதும். கொஞ்சம் இழப்பு வந்தாலும் படை கடந்து போய்விடும். நாளைக்கு ஒரு குழந்தை ஓடப்போகிற இடத்தில் அந்தக் கணக்கு செல்லாது. நூறில் தொண்ணூற்றொன்பதை எடுத்துவிட்டோம் என்று சொன்னால் அங்கே யாரும் ஏர் பூட்ட மாட்டார்கள், பூட்டவும் கூடாது.

வேலை எப்படி நடக்கும் என்று சொல்கிறேன். ஆளுக்கு ஒரு மீட்டர் அகலத்தில் ஒரு பாதை. முன்னே தரையில் குறுக்காக ஒரு குச்சி கிடக்கும். குச்சிக்கு இந்தப் பக்கம் சோதித்த மண், அந்தப் பக்கம் சோதிக்காத மண். முதலில் கால் தட்டினால் வெடியை இயக்கிவிடும் இழுகம்பி ஏதும் இருக்கிறதா என்று பார்த்துவிட்டுப் புல்லை வெட்ட வேண்டும். அப்புறம் மெட்டல் டிடெக்டரை மெதுவாக ஓட்ட வேண்டும். சத்தம் வந்தால் அந்த இடத்தில் நேராகத் தோண்டக் கூடாது. கொஞ்சம் பின்னால் ஆரம்பித்து, கையில் இருக்கும் கூரான சோதனைக் கம்பியை ஏறக்குறைய முப்பது பாகை சாய்வில் செருகிச் செருகிப் பக்கவாட்டில் நெருங்க வேண்டும். மிதிபடும் தகடு வெடியின் மேல்புறத்தில் இருக்கிறது. கம்பி அதன் விலாவைத்தான் தொட வேண்டும். வெடி என்று தெரிந்தால் பெரும்பாலும் அதைக் கையில் எடுப்பதில்லை, இருந்த இடத்திலேயே வெடிக்க வைத்துவிடுவோம்.

ஆனால் வரும் சத்தங்களில் வெடி எத்தனை? போர் நடந்த நிலம் என்றால் இரும்பு விதைத்த நிலம். தோட்டாக் கூடு, குண்டுச் சிதறல், ஆணி, தகர டப்பா. ஒரு நாள் என் பாதையில் ஐம்பதுக்கு மேல் சத்தம் வந்தது, ஒன்றுகூட வெடி இல்லை. ஐம்பத்தோராவது சத்தத்தையும் முதல் சத்தத்தைப் போலவேதான் தோண்ட வேண்டும். பயத்தைவிட அலுப்பைத்தான் நாங்கள் அஞ்சினோம். அலுப்பு வந்தால் கை வேகமாகிவிடும். அதனால்தான் வேலை ஓடிக்கொண்டிருந்தாலும் நேரம் வைத்து நிறுத்தி ஓய்வெடுக்கச் சொல்வார்கள்.

இன்னொரு சிக்கல் பிளாஸ்டிக் வெடிகள். சீனாவின் டைப் 72, அமெரிக்காவின் எம்14 போன்றவற்றில் உலோகம் என்று இருப்பது ஓர் ஊசிமுனை அளவுதான். அதையும் பிடிக்கும்படி கருவியைக் கூராக்கினால் துரும்பளவு துருவுக்கும் அது கத்தும். இரும்புச் சத்து மிகுந்த செம்மண்ணில் மண்ணே கத்தும். இலங்கையின் வடக்கில் மணல்பாங்கான இடங்களில் வாரி போன்ற கருவியால் மண்ணைப் படலம் படலமாக இழுத்தே வெடிகளை எடுத்தார்கள். மெதுவான முறைதான், ஆனால் உலோகம் இருக்கிறதோ இல்லையோ வெடி கண்ணில் பட்டுவிடும்.

இயந்திரங்கள் இருக்கின்றன. சங்கிலிகளைச் சுழற்றித் தரையை அடித்துக்கொண்டே போகும் வண்டிகள் சமநிலத்தில் அருமையாக உழைக்கும். சரிவிலும் பாறையிலும் மரக்கூட்டத்திலும் அவை உதவாது. சில வெடிகள் வெடிக்காமல் உடைந்து சிதறும், சில தப்பிவிடும். அதனால் வண்டிக்குப் பின்னால் மனிதர்களோ நாய்களோ போய்த்தான் ஆக வேண்டும். கம்போடியாவில் மகாவா என்ற ஆப்பிரிக்கப் பெருச்சாளி வெடிமருந்தை மோந்து எழுபதுக்கு மேற்பட்ட கண்ணிவெடிகளைக் காட்டிக்கொடுத்தது. 2020-ல் அதற்குத் தங்கப் பதக்கம் கொடுத்தார்கள். எடை ஒன்றேகால் கிலோதான், மிதித்தாலும் வெடிக்காது. இரும்புக் குப்பையை அது பொருட்படுத்தாது என்பதுதான் எனக்கு அதில் பிடித்தது.

என்னைக் கேட்டால், எல்லாவற்றையும்விட முக்கியமான வேலை தோண்டுவதற்கு முன்பே நடக்கிறது. எங்கே தோண்ட வேண்டும், எங்கே தோண்டத் தேவையில்லை என்று கண்டுபிடிப்பதுதான் அது. வெடி புதைத்தவர்களிடம் வரைபடம் பெரும்பாலும் இருக்காது, இருந்தாலும் பொருந்தாது. வெள்ளம் வந்தால் வெடி நகர்ந்துவிடும். 2014-ல் போஸ்னியாவில் வெள்ளமும் மண்சரிவும் வெடிகளையும் எச்சரிக்கைப் பலகைகளையும் சேர்த்து இழுத்துப் போயின. ஆகவே வீடு வீடாகப் போய்க் கேட்க வேண்டும். “எந்த இடத்தில் மாடு செத்தது? எந்த ஒற்றையடிப் பாதையை விட்டு எல்லோரும் ஒதுங்கிப் போகிறீர்கள்?” ஆடு மேய்க்கும் ஒரு பாட்டி சொன்னதை வைத்து எங்கள் வரைபடத்தில் பாதிக்கு மேல் அழித்தோம். அந்தப் பகுதியில் பதினைந்து வருடமாக ஆடுகள் மேய்ந்து திரும்பிக்கொண்டிருந்தன. பயத்தில் பெரிதாகக் கோடு போட்டுவிட்டால், வெடியே இல்லாத இடத்தில் வருடக்கணக்காகத் தோண்டிக்கொண்டிருப்போம்.

ட்ரோன் உதவுவதும் இந்தக் கட்டத்தில்தான். சந்தேகமான இடத்தை அது காட்டும். “இங்கே இல்லை” என்று அதனால் சொல்ல முடியாது.

பணத்தைப் பற்றி நிறைய எழுதத் தேவையில்லை. போர் செய்தியிலிருந்து மறைந்தால் நன்கொடையும் மெல்ல மறையும். மனிதர்களைக் குறிவைக்கும் கண்ணிவெடிகளைத் தடை செய்யும் 1997-ன் ஒட்டாவா ஒப்பந்தம், சேரும் நாடு பத்து ஆண்டுகளுக்குள் தன் நிலத்தைச் சுத்தம் செய்ய வேண்டும் என்கிறது. பல நாடுகள் திரும்பத் திரும்பக் கெடு நீட்டிப்புக் கேட்டிருக்கின்றன. ஆனாலும் முடியாத காரியம் இல்லை. மொசாம்பிக் 2015-ல் முடித்துவிட்டது. பிரிட்டனும் அர்ஜென்டினாவும் மோதிய 1982 போரில் ஃபாக்லாந்துத் தீவுகளில் புதைத்த வெடிகளை முழுதாக எடுக்கும் வேலை 2009-ல்தான் தொடங்கியது, 2020-ல் முடிந்தது. அங்கே பெரும்பகுதி உழைப்பு ஜிம்பாப்வேயிலிருந்து வந்தவர்களுடையது. 2025-ல் ஃபின்லாந்தும் போலந்தும் மூன்று பால்டிக் நாடுகளும் ஒப்பந்தத்திலிருந்து விலக முடிவெடுத்தபோது எனக்கு உண்மையிலேயே மனசு கனத்தது. ஒரு மீட்டர் மண்ணுக்கு எவ்வளவு நேரம் ஆகும் என்று என் முழங்காலுக்குத் தெரியும்.

வேலை முடிந்த நிலத்தை ஒப்படைக்கும் நாளில், சுத்தம் செய்தவர்களே அதன்மேல் வரிசையாக நடந்து காட்டுவது பல நாடுகளில் உள்ள வழக்கம். நாங்களும் கவச அங்கியையும் முகக்கவசத்தையும் கழற்றி வைத்துவிட்டு, தோளோடு தோளாக இந்த முனையிலிருந்து அந்த முனை வரை நடந்தோம். நிலத்துக்காரர் வரப்பில் நின்று பார்த்துக்கொண்டிருந்தார். நாங்கள் திரும்பி வந்த பிறகும் அவர் இறங்கவில்லை. கொஞ்ச நேரம் கழித்து, எங்கள் காலடித் தடங்களைப் பார்த்து அவற்றின்மேலேயே கால் வைத்து நடந்தார். பாதி தூரம் போனதும் தடத்தை விட்டு விலகி, குனிந்து ஒரு பிடி மண்ணை அள்ளினார்.