டூம் 3 விளையாட்டின் நிறைகுறைகள் என்ன? இன்றும் விளையாடத் தகுந்ததா?

செவ்வாய்க் கோளின் ஆய்வு நிலையத்தில் நரகத்து அரக்கர்களைச் சுடும் இந்தத் திகில் கணினி விளையாட்டு இன்றும் விளையாடத் தகுந்ததே. ஆனால் 2004இல் வெளிவந்த மூலப் பதிப்பைத் தேடி விளையாடுங்கள். 2012இல் 'பிஎஃப்ஜி' என்ற பெயரில் வந்த மறுபதிப்பில் டார்ச் விளக்கைக் கவசத்திலேயே பொருத்திவிட்டார்கள். எந்தத் துப்பாக்கி கையில் இருந்தாலும் வெளிச்சம் கிடைக்கும். இருட்டையும் குறைத்துவிட்டார்கள். வசதிதான், மறுக்கவில்லை. அந்த வசதிக்காக விளையாட்டின் உயிரையே விட்டுக்கொடுத்துவிட்டார்கள் என்பது என் உறுதியான எண்ணம்.

மூலப் பதிப்பில் டார்ச், துப்பாக்கி இரண்டில் ஒன்றைத்தான் பிடிக்க முடியும். வெளிவந்த நாளிலிருந்தே அதிகம் திட்டு வாங்கிய அம்சம் இதுதான். 2145ஆம் ஆண்டில், செவ்வாய்க் கோளில் ஆய்வு நிலையமே கட்டியவர்களுக்குத் துப்பாக்கியில் ஒரு விளக்கை ஒட்டிவைக்கத் தெரியாதா என்று கேட்டார்கள். 'டக்ட் டேப்' (ஒட்டுநாடா) என்ற பெயரிலேயே ஒரு மாட், அதாவது ரசிகர்கள் செய்த மாற்றநிரல், உடனே வந்து, மெஷின் கன்னிலும் ஷாட்கன்னிலும் விளக்கை ஒட்டிவிட்டது. கதையின் தர்க்கப்படி அவர்கள் கேட்டது நியாயமே. ஆனால் விளையாடும்போது நடப்பது வேறு. டார்ச்சைத் திருப்புகிறீர்கள், தாழ்வாரத்தின் கோடியில் இம்ப் என்ற தீப்பந்து வீசும் அரக்கன் ஒன்று குந்தியிருக்கிறது. துப்பாக்கியை எடுத்த கணமே அது மறைந்துபோகிறது. இனி நினைவில் இருக்கும் இடத்தை நோக்கித்தான் சுட வேண்டும். அது வீசும் தீப்பந்து பறந்துவரும் வழியெல்லாம் சுவர்களில் நிழல்கள் ஓடுகின்றன. அந்த ஒளியில்தான் அது எங்கே நிற்கிறது என்று தெரிகிறது. பார்ப்பதா, சுடுவதா என்று ஒவ்வொரு அறையிலும் முடிவெடுக்க வைத்த வேறொரு சுடும் விளையாட்டை நான் ஆடியதில்லை.

இதைச் சாத்தியமாக்கியது நிரலாளர் ஜான் கார்மாக்கின் எஞ்சின், அதாவது விளையாட்டின் காட்சிகளை இயக்கும் அடிப்படை மென்பொருள். அதே நிறுவனத்தின் முந்தைய விளையாட்டான குவேக் காலத்தில் சுவர்களின் ஒளியையும் நிழலையும் முன்கூட்டியே கணக்கிட்டு ஒட்டிவைப்பார்கள். டூம் 3இலோ விளக்கு ஆடினால் அதன் நிழலும் அந்தக் கணமே கணக்கிடப்பட்டு ஆடுகிறது. சுவருக்கும் அரக்கனுக்கும் ஒரே விதி. இதற்குக் கொடுத்த விலையும் பெரிது. நிழல்களின் கணக்குக் கணினியைத் திணறடித்ததால், 1993இன் டூமில் இருந்ததுபோல் கூட்டம் கூட்டமாக எதிரிகளை இறக்க முடியவில்லை. பெரும்பாலும் இரண்டு மூன்று பேர்தான் ஒரே நேரத்தில் வருவார்கள். பழைய டூமின் வேகத்தை எதிர்பார்த்து வந்தவர்கள் ஏமாந்ததற்கு இதுவே முக்கியக் காரணம். நிழல்களின் விளிம்புகள் கத்தியால் வெட்டியதுபோல் இருப்பதும், மனிதத் தலைகள் கோணல் கோணலாகத் தெரிவதும் இன்று கண்ணில் படும். எனக்கு அவை பெரிதாகத் தோன்றவில்லை.

உண்மையான குறை வேறு. பயமுறுத்த இந்த விளையாட்டுக்குத் தெரிந்த வித்தைகள் மிகச் சில. அறையின் மூலையில் ஒரு கவசம் கிடக்கும்; எடுத்தவுடன் முதுகுக்குப் பின்னால் சுவர் திறந்து ஒன்று பாயும். முதல் சில மணி நேரம் நெஞ்சு பதறுகிறது. அதன்பின் கவசத்தைப் பார்த்தாலே எந்தச் சுவர் திறக்கும் என்று ஊகித்துவிடுகிறோம். இருட்டு தானாகவே உண்டாக்கும் அச்சத்தை நம்பாமல், இதே பொறியை மறுபடியும் மறுபடியும் வைத்தது எனக்கு இன்றும் வருத்தமாக இருக்கிறது. நடுவில் வரும் டெல்டா லேப்ஸ் என்ற ஆய்வுக்கூடப் பகுதிகளைப் பாதியாகக் குறைத்திருந்தாலும் எதுவும் கெட்டிருக்காது. ஷாட்கன்னும் ஏமாற்றம்தான்: குண்டுகள் அளவுக்கு மீறிச் சிதறுவதால் சில அடி தள்ளி நிற்கும் எதிரிக்குக்கூட ஒன்றும் ஆவதில்லை.

சுவர்களில் இருக்கும் கணினித் திரைகளைப் பற்றிச் சொல்லியாக வேண்டும். அருகில் போனால் துப்பாக்கி தாழ்கிறது, குறிமுள் திரைக்குள் நுழைகிறது, பொத்தான்களை நேரடியாக அழுத்தலாம். தனியாக எந்தப் பட்டியலும் திறப்பதில்லை. இருபது ஆண்டுகளுக்குப் பிறகும் இவ்வளவு இயல்பாக இதைச் செய்த விளையாட்டுகள் அரிது. இறந்துபோன ஊழியர்களின் கையடக்கக் கருவிகளில் கிடக்கும் ஒலிப்பதிவுகளையும் அவசரப்படாமல் கேளுங்கள். பூட்டிய பெட்டிகளின் எண்கள் அவற்றில்தான் இருக்கும். பின்னணி இசை பெரும்பாலும் கிடையாது. குழாய்களின் முனகலும் எங்கோ தொலைவில் கேட்கும் முணுமுணுப்பும்தான். அதனால் ஹெட்போன் அவசியம்.

கதைநாயகன் நரகத்துக்கே போகும் பகுதி வரையாவது கைவிடாதீர்கள். அங்கே சேர்த்துவைத்த ஆயுதங்கள் பறிபோய் வெறுங்கையுடன் நிற்பீர்கள். உலோகத் தாழ்வாரங்களுக்குப் பதில் பாறையும் நெருப்பும். விளையாட்டின் மிகச் சிறந்த பகுதி அதுதான்.

மூலநிரல் 2011இலேயே பொதுவில் வெளியிடப்பட்டுவிட்டது. அதைக் கொண்டு ஆர்வலர்கள் எஞ்சினை இன்றைய கணினிகளுக்கும் அகன்ற திரைகளுக்கும் ஏற்றபடி திருத்தி வைத்திருக்கிறார்கள். மூலப் பதிப்பின் கோப்புகள் உங்களிடம் இருந்தால் போதும். டக்ட் டேப் மாட்டை மட்டும் முதல் முறை போட்டுவிடாதீர்கள்.