துணிப்பை, ஃபேன், போன்: தயாரிப்பிலிருந்து குப்பை வரை – கேள்வி பதில்

கேள்வி: சார், துணிப்பையைவிட பிளாஸ்டிக் பையே மேல் என்று ஒரு வெளிநாட்டு ஆய்வு சொல்கிறதாமே?

டென்மார்க் சுற்றுச்சூழல் முகமை 2018-ல் வெளியிட்ட ஆய்வு அது. பருவநிலைக் கணக்கு மட்டும் என்றால், சாதாரண பருத்திப் பையை 52 தடவையாவது பயன்படுத்தினால்தான் அந்த ஊர்க் கடைகளின் பிளாஸ்டிக் பைக்கு ஈடாகும். ஓசோன் படலம் உட்பட எல்லாக் கணக்கிலும் ஈடாக வேண்டும் என்றால் 7,100 தடவை. வாட்ஸ்அப்பில் சுற்றுவது இரண்டாவது எண்தான். ஆனால் பை தெருவில் விழுந்தால் என்ன ஆகும் என்பதை அந்த ஆய்வு கணக்கில் எடுக்கவில்லை. நம் ஊரில் அது சாக்கடையை அடைக்கும், மாட்டு வயிற்றுக்குள் போகும். ஆகவே அந்த முடிவை அப்படியே இங்கே தூக்கி வரக்கூடாது. வாரம் ஒரு தடவை சந்தைக்கு எடுத்துப்போனால் ஒரு வருஷத்தில் 52 வந்துவிடும். பரணில் சும்மா கிடக்கிற கல்யாணத் தாம்பூலப் பைகள்தான் சிக்கல்.

கேள்வி: அண்ணா, எங்கள் வீட்டு ஃபேன் ரொம்பப் பழசு, ஆனால் நன்றாக ஓடுகிறது. தூக்கிவிட்டு, குறைந்த மின்சாரத்தில் ஓடும் பிஎல்டிசி மோட்டார் ஃபேன் வாங்கலாமா? ஓடுகிற பொருளைக் கழிப்பது பாவம் என்கிறார் அப்பா.

அப்பா சொல்வது பல பொருள்களுக்குச் சரி, ஃபேனுக்குப் பொருந்தாது. ஒரு பொருள் தயாராகும்போது அதிகம் தின்கிறதா, ஓடும்போதா என்று முதலில் பார்க்க வேண்டும். ஃபேன் ஓடும்போதுதான் தின்கிறது. பழையது சுமார் 75 வாட், பிஎல்டிசி சுமார் 30. தினம் 12 மணி நேரம் ஓடினால் வருஷத்துக்குக் கிட்டத்தட்ட 200 யூனிட் மிச்சம். பழையதில் உள்ள செம்பும் அலுமினியமும் காயலான் கடை வழியாக மறுசுழற்சிக்குப் போய்விடும். விருந்தாளி வந்தால் மட்டும் சுற்றுகிற அறை என்றால் மாற்ற வேண்டாம்.

ஒரு விஷயம் மட்டும் உறுத்துகிறது. பழைய ஃபேனில் காயில் எரிந்தால் தெருமுனை வைண்டிங் கடையில் கொடுத்துச் சுற்றி வாங்கிவிடலாம். பிஎல்டிசியில் மோட்டாரை இயக்கும் மின்னணு போர்டு போனால் அந்தக் கடைக்காரருக்கும் வழியில்லை. சில மாடல்களில் ஈரம் புகாமல் இருக்க போர்டு மேல் ரெசின் ஊற்றிவிடுகிறார்கள்; உள்ளே ஒரு சின்ன கெபாசிட்டர் போனாலும் போர்டையே மாற்ற வேண்டியதுதான். ஆயுளைக் கூட்டச் செய்தது ரிப்பேரைக் கெடுக்கிறது. போர்டு தனியாகக் கிடைக்குமா, என்ன விலை என்று கடையில் கேட்டுவிட்டு வாங்குங்கள்.

கேள்வி: அப்போ போனும் அடிக்கடி மாற்றலாமா?

கூடவே கூடாது, இது நேர் எதிர். போனின் கார்பன் கணக்கில் பெரும்பங்கு தயாரிப்பிலேயே முடிந்துவிடுகிறது; சார்ஜ் செய்யும் மின்சாரம் கொஞ்சம்தான். பேட்டரி மாற்றி இன்னும் இரண்டு வருஷம் ஓட்டுங்கள். ஐரோப்பிய ஒன்றியத்தின் 2023 பேட்டரி சட்டப்படி, 2027 பிப்ரவரி முதல், சில விலக்குகள் தவிர, கையடக்கச் சாதனங்களின் பேட்டரியை வாங்கியவரே கழற்றி மாற்ற முடிய வேண்டும். பசை போட்டு ஒட்டுகிற பழக்கம் அதற்குப் பிறகாவது குறையட்டும்.

கேள்வி: மெக்கானிக்கல் மூன்றாம் வருஷம் படிக்கிறேன் சார். எல்சிஏ, அதாவது ஒரு பொருளின் தயாரிப்பு முதல் குப்பை வரையான சுற்றுச்சூழல் பாதிப்பைக் கணக்கிடுவதை, எங்கே தொடங்குவது?

ஓபன்எல்சிஏ இந்தக் கணக்கைப் போட உதவும் இலவச மென்பொருள், அதை இறக்கிக்கொள்ளுங்கள். எல்சிஏவுக்கான சர்வதேசத் தரநிலையான ஐஎஸ்ஓ 14040-ஐ ஒரு தடவை படியுங்கள். அப்புறம் கல்லூரி கேன்டீனையே எடுத்துக்கொள்ளலாம்: பேப்பர் கப்பா, எவர்சில்வர் டம்ளரா? ஒரு கப்பை ஒரு டம்ளரோடு ஒப்பிடாதீர்கள், ஆயிரம் டீ கொடுக்க எது எவ்வளவு தின்கிறது என்று பாருங்கள். டம்ளர் கழுவும் தண்ணீரையும் சேர்க்க வேண்டும். வெந்நீரில் கழுவினால் அதைச் சூடாக்கும் செலவையும்.